கழியாத அஷ்டமி

பீகாரில் கோசி ஆற்றங்கரை மேட்டில் டெம்போக்காரன் இறக்கிவிட்டுப் போனபோது சுனைனாவின் இடுப்பில் குந்தன் தூங்கிக்கொண்டிருந்தான். நாலு வயசுப் பிள்ளை. லூதியானாவிலிருந்து ரயிலில் இடிபட்டு வந்த களைப்பு. மேட்டுக்குக் கீழே மூங்கில் தோப்பு, தோப்பை ஒட்டிக் குளம், குளத்துக்கு இந்தப் பக்கம் அவள் வாழ்க்கைப்பட்ட வீடு. என்றோ வந்த வெள்ளத்தின் சேற்றுக்கோடு சுவரில் இடுப்புயரத்துக்கு அப்படியே இருந்தது. அதை மறைத்து வெள்ளையடிக்க அங்கே ஆம்பிளை யாரும் இல்லை.

வீட்டில் இருந்தவள் தெத்ரி மட்டும்தான். சுனைனாவின் கணவன் பினோதுக்கு அண்ணன் மனைவி. அவளுடைய புருஷன் மூன்றாவது பிள்ளையையும் பறிகொடுத்த கையோடு பஞ்சாபுக்குப் போனவன், போனவன்தான்.

"வாடி கனியா," என்றாள் தெத்ரி. இளைய மருமகளை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "என்ன இது, குச்சி மாதிரி வந்து நிக்கிறே? லூதியானாவுல என் கொழுந்தன் சோறு போடுறானா, இல்ல காலுறை மில்லுல நூலைத் திங்கச் சொல்றானா?"

"நீங்க மட்டும் என்னவாம் அக்கா? காத்தடிச்சா குளத்துல போய் விழுந்துருவீங்க போல."

தெத்ரி சிரித்தாள். கழுத்தில் சாயம் போன சிவப்பு மஞ்சள் கயிறுகள் கத்தையாகத் தொங்கின. ஜிதியா நோன்புக்கு ஆண்டுதோறும் கட்டுகிற கயிறு. மற்றப் பெண்கள் புதுசு கட்டினால் பழசைக் கழற்றி ஆற்றில் விட்டுவிடுவார்கள். தெத்ரி ஒன்றைக்கூடக் கழற்றவில்லை.

சுனைனா அந்த நோன்புக்காகத்தான் வந்திருந்தாள். போன குளிர்காலத்தில் குந்தனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்து இரண்டு தடவை கண் செருகிவிட்டது. இரண்டாவது தடவை டாக்டரே கையை விரித்த பிறகுதான் மூச்சு திரும்பியது. ஜிதியா என்பது பிள்ளையின் உயிருக்காகத் தாய் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் கிடக்கிற நோன்பு. அதை முதல் தடவை எடுப்பவள் புகுந்த வீட்டில், அந்த வீட்டுப் பெண் கையால் எடுக்க வேண்டும். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிச்சம் இருக்கிற கை தெத்ரியின் கை.

அன்று சாயங்காலம் குளத்தில் தலைக்குக் கடுகுப் பிண்ணாக்கு தேய்த்துக் குளிக்கும்போது பக்கத்து வீட்டுச் சின்னம்மா முறைக்காரி லால்முனி சாச்சி மெதுவாக நகர்ந்து வந்தாள். ஊர் விஷயம் வயிற்றில் தங்காத பிறவி.

"உன் ஓரகத்திகிட்ட கொஞ்சம் சூதானமா இரு. பெத்தது மூணும் போச்சு, தெரியும்ல?"

"தெரியும் சாச்சி. காய்ச்சல், பாம்பு, வெள்ளம்."

"அதெல்லாம் சாக்கு. நோன்பன்னிக்கு ஒளிஞ்சு தண்ணி குடிச்சவ அவ. நான் சொல்லலை, ஊரே சொல்லுது." சாச்சி குரலைத் தாழ்த்தினாள். "இப்போ பிள்ளையே இல்லாதவ வருஷா வருஷம் யாருக்காகத் தொண்டையைக் காயவைக்கிறா? அதைக் கேளு."

சுனைனா கேட்கவில்லை. ஆனால் வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இரவு கேழ்வரகு ரொட்டியும் மீன் குழம்பும் சாப்பிட்டு எழுந்தபோது, தூங்குகிற குந்தனை தெத்ரி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சுனைனா பிள்ளையை நகர்த்திச் சுவர்ப் பக்கம் போட்டுக்கொண்டாள். தெத்ரி அதைக் கவனித்தாள். எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

கோழி கூவும் முன்னால் எழுந்து நோன்பாளிகள் அவலும் தயிரும் சாப்பிட வேண்டும். அதற்கும் முன்னால் பருந்துக்கும் நரிக்கும் பங்கு வைக்க வேண்டும். தெத்ரி இரண்டு பீர்க்கை இலையில் அவல் வைத்தாள். ஒன்று கூரைமேல் பருந்துக்கு, ஒன்று தோப்போரம் நரிக்கு.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பருந்தும் நரியும் சிநேகிதிகள், சேர்ந்து நோன்பு எடுத்தார்கள். பருந்து பட்டினி கிடந்தது. நரி பசி பொறுக்காமல் திருட்டுத்தனமாகத் தின்றது. பருந்தின் பிள்ளைகள் எல்லாம் பிழைத்தன. நரிக்குப் பிறந்தது ஒன்றும் தங்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் நரி அடுத்தவள் பிள்ளைகளை அழிக்கக் கிளம்பியது.

"நோன்பை முறிச்சவளுக்கு எதுக்கு அக்கா பங்கு?" என்றாள் சுனைனா.

"வயிறு எரியறவளுக்குத்தான் முதல்ல போடணும். இல்லேன்னா வீட்டுக்குள்ள வருவா." தெத்ரி இலையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். "போட்டாலும் வருவா," என்று தனக்குள் சொன்ன மாதிரி இருந்தது.

பொழுது ஏறியது. புரட்டாசி வெயில் கோசிக் கரையில் மனிதத்தன்மை இல்லாமல் அடிக்கும். நடுப்பகல் தாண்டியதும் சுனைனாவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில்கூட ஊறவில்லை. கதை கேட்கப் பெண்கள் குளத்தங்கரைக்குக் கிளம்பினார்கள்.

"பையன் தூங்குறான். நீ படு," என்றாள் தெத்ரி. "உன் பேருல நான் கதை கேட்டுட்டு வரேன். நாளைக் காலையில அஷ்டமி கழிஞ்சு நவமி பிறந்ததும் பாரணை, அப்போதான் வாயில தண்ணி படலாம். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்க."

வீடு அமைதியாயிற்று. சுனைனா கயிற்றுக் கட்டிலில் பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்தாள். வெளியே எங்கோ உயரத்தில் பருந்து ஒன்று சீழ்க்கையடித்தது. பிறகு அதுவும் நின்றது. மூங்கில்கள் காற்றில்லாமலேயே ஒன்றோடொன்று உரசின. தோப்புப் பக்கத்திலிருந்து ஒரு வாடை வந்தது. மழையில் நனைந்த நாய் அடுப்படியில் வந்து படுத்தால் வருமே, அந்த வாடை. கூடவே பிண்ணாக்கு மணம்.

பின்கதவு திறந்தது.

தெத்ரி நின்றாள். சேலை முந்தானை ஈரமாக இருந்தது. கையில் வாயோரம் நசுங்கிய பித்தளைச் செம்பு. மாமியாருடைய செம்பு அது. மாடத்தில் கவிழ்த்தே இருக்கும், யாரும் எடுத்துப் புழங்குவதில்லை.

"எந்திரி கனியா. அஷ்டமி கழிஞ்சுருச்சு, நவமி வந்துருச்சு. பண்டிதர் பஞ்சாங்கத்தை இன்னொரு தடவை பார்த்துட்டு ஆள் அனுப்பிச்சிருக்கார். எல்லாரும் பாரணை பண்ணிட்டாங்க."

இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. காசிப் பஞ்சாங்கத்துக்கும் மிதிலைப் பஞ்சாங்கத்துக்கும் ஒத்துப்போன வருஷம் ஏது? இந்த நோன்பு இன்றா நாளையா, இப்போதா அப்புறமா என்று பண்டிதர்கள் அடித்துக்கொள்வதும், பெண்கள் நடுவில் தவிப்பதும் வாடிக்கை. அதோடு, நவமி பிறந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பது தப்பு என்பார்கள்.

"நிஜமாவா அக்கா?"

"பிள்ளை பெத்தவகிட்ட பொய் சொல்லுவாங்களா?"

சுனைனா செம்பை வாங்கிக் குடித்தாள். தண்ணீர் சில்லென்று இருந்தது, கொஞ்சம் சேறு வாடை அடித்தது. அந்தத் தாகத்துக்கு அது தேனாக இருந்தது. அடிவரை குடித்தாள். செம்பைத் திருப்பி வாங்கியவள் குனிந்து குந்தனின் உச்சியை முகர்ந்தாள். பெரியம்மாக்கள் செய்வதுதான். முகர்ந்த நேரம்தான் கொஞ்சம் அதிகம்.

"எழுப்பாதே. தூங்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாகத் தோப்புக்குள் போனாள்.

அப்போதுதான் குளத்தங்கரையிலிருந்து பாட்டு கேட்டது. பெண்கள் ஜிதியாப் பாட்டு பாடினார்கள். பாரணை முடிந்தால் எதற்கு நோன்புப் பாட்டு?

பாட்டை எடுத்துக் கொடுக்கும் குரல் தனியாகக் கேட்டது. கரகரத்த குரல்.

தெத்ரியின் குரல்.

சுனைனா எழுந்தாள். கால் தரையில் நழுவியது. கட்டிலிலிருந்து பின்கதவு வரைக்கும் ஈரம். மாடத்தைப் பார்த்தாள். செம்பு கவிழ்ந்தபடியே இருந்தது. அதன்மேல் ஒட்டடை.

அவள் வாயில் மட்டும் சேறு வாடை.

பெண்கள் திரும்பி வந்தபோது அவள் பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். தெத்ரியின் உதடு வெடித்திருந்தது. வெயிலில் நின்று பாடிய வாய், ஒரு சொட்டு ஈரம் இல்லை. சுனைனா மற்றவர்கள் நகரும்வரை காத்திருந்தாள்.

"அக்கா, பாரணை எப்போ?"

"நாளைக் காலையில. சொன்னேன்ல?"

"நீங்க... கொஞ்ச முன்னாடி இங்க வந்தீங்களா?"

தெத்ரியின் பார்வை தரையில் காய்ந்துகொண்டிருந்த ஈரத்தில் போய் நின்றது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"குடிச்சுட்டியா?"

சுனைனா தலையாட்டினாள்.

"யார் மாதிரி வந்துச்சு?"

"உங்களை மாதிரி."

"ஐயோ," என்றாள் தெத்ரி. தலையைத் தூக்காமலே பேசினாள். "எனக்கு நம்ம மாமியார் மாதிரி வந்துச்சு. இதே செம்பு. இதே நவமி வந்துருச்சுங்கிற பேச்சு. நிஜ மாமியார் அன்னிக்கு அவங்க அண்ணன் வீட்டுல இருந்தாங்க. சொன்னேன். யார் நம்பினா? திருட்டுத்தனமா குடிச்சுட்டு மாமியார் மேல பழி போடுறான்னாங்க. மாமியார் மட்டும் எதுவும் சொல்லலை. அவங்களுக்கும் இரண்டு பிள்ளை போனப்புறம்தான் நம்ம புருஷனுங்க தங்கினாங்களாம்."

"உங்க பிள்ளைங்க?"

"பெரியவன் அந்த வருஷமே போனான், சட் பூசைக்கு முன்னாடி. அப்புறம் ஒண்ணு ஒண்ணா."

சட் பூசை தீபாவளி கழிந்து ஆறாம் நாள். அதற்கு அதிக நாள் இல்லை.

"என்னை முதல்லயே எச்சரிச்சிருக்கலாமே!" சுனைனா கத்தினாள்.

"நான் குடுத்தா வாங்காதேன்னு எப்படிடி சொல்றது? என் மூஞ்சில வரும்னு எனக்கே தெரியாதே. என் மூணோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். நீயும்தான் பிள்ளையைச் சுவரோரம் நகர்த்திப் போட்டே. நான் சொன்னா கேட்டிருப்பியா?"

கேட்டிருக்க மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"இப்போ என்ன பண்றது அக்கா? ஏதாவது பண்டிதர், பரிகாரம்..."

"இருந்தா நான் பண்ணியிருக்க மாட்டேனா?" தெத்ரியின் கண்ணில் தண்ணீர் வரவில்லை, வர உடம்பில் ஈரம் இல்லை. குந்தன் விழித்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளுடைய கயிற்றுக் கத்தையை எட்டிப் பிடித்து இழுத்தான். தெத்ரி ரொம்ப நேரம் அந்தக் கையைப் பார்த்தாள்.

"பிள்ளை இல்லாதவ யாருக்காக நோன்பு இருக்கான்னு சாச்சி கேட்டிருப்பாளே," என்றாள். "எனக்கும் தெரியாம இருந்துச்சு. வீம்புக்குத்தான் இருந்தேன். தண்ணி குடிச்சவன்னு சொன்னாங்கல்ல, பாருங்கடின்னு. பத்துப் பதினோரு வருஷம், ஒரு சொட்டு இறங்கலை. அத்தனையும் இவன் பேருக்கு எழுதினதா இருக்கட்டும்."

கயிறுகளை மொத்தமாகத் தலைவழியே கழற்றிக் குந்தனின் கழுத்தில் போட்டாள். பிள்ளைக்கு அது பாரமாக இருந்தது. சுனைனா அவள் காலில் விழுந்தாள். முந்தின இரவு நினைவுக்கு வந்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் எல்லோரும் பாரணை செய்தார்கள். தெத்ரியும் வாயில் தண்ணீர் வைத்தாள். கழுத்து வெறுமையாக இருந்ததால் ஆளே சின்னவளாகத் தெரிந்தாள். சுனைனா அன்றைக்கே ரயில் ஏறினாள்.

தீபாவளி தாண்டியதும் லூதியானாவில் குந்தனுக்குக் காய்ச்சல் கண்டது. வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் வராந்தாவில் பாய் போட்டார்கள். பினோத் மருந்துச் சீட்டோடு அலைந்தான். சுனைனா பிள்ளையின் கழுத்துக் கயிறுகளைக் கையில் சுற்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். விடிகிற நேரத்தில் பிள்ளைக்குக் குப்பென்று வியர்த்தது. கண் திறந்து பிஸ்கட் கேட்டான்.

காலையில் லால்முனி சாச்சி போன் பண்ணினாள். அழுகையில் பாதிப் பேச்சு புரியவில்லை.

"தெத்ரி போயிட்டாடி. ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னு கேட்டா. ஊத்தினா தொண்டையில இறங்கவே இல்ல, அப்படியே கடைவாய் வழியா வந்துருச்சு. விடியறப்போ அடங்கிட்டா. நான் அவளைப் பத்தி எவ்வளவு பேசியிருக்கேன், என் நாக்கு அழுக... அந்த நசுங்கின செம்பு என்னமோ பார்க்கவே பிடிக்கலை. அவ அடங்கினதுமே அதைக் கோசியில வீசிட்டோம்."

சுனைனா போனை வைத்துவிட்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் நிம்மதியும் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? தன் பிள்ளை பிழைத்தது என்கிற நிம்மதி எந்தத் தாய்க்கும் முதலில் வரும்.

ஒரு வருஷம் ஓடியது. குந்தன் பள்ளிக்கூடம் போனான். காய்ச்சல் அவனை எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி ஜிதியா வந்தது.

அவர்கள் குடியிருந்த சந்தில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள். எல்லாம் பீகார்க் குடும்பங்கள்தான். அன்று பெண்கள் அத்தனை பேரும் நோன்பு, அதனால் சந்தில் சண்டைச் சத்தமே இல்லை. சுனைனா இந்தத் தடவை கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள். குந்தனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. யார் தட்டினாலும் திறக்கவில்லை. பினோத் மில்லிலிருந்து சாப்பிட வந்தபோதுகூட "வெளியே டீக்கடையில சாப்பிட்டுக்க" என்று ஜன்னல் வழியே விரட்டிவிட்டாள். "என்னடி, கட்டின புருஷனைப் பிச்சைக்காரன் மாதிரி நிறுத்தறே?" என்று அவன் திட்டிக்கொண்டே போனான்.

தாகம் தொண்டையை அறுத்தது. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வாசலில் யாரும் வரவில்லை. செம்பு வரவில்லை. வெயில் தாழ்ந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, நான்தான் சஞ்சு."

அடுத்த அறைப் பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம், இடுப்பில் லட்டு என்கிற கைக்குழந்தை. அவளுக்கு இது முதல் நோன்பு. ஊருக்குப் போக லீவு கிடைக்காததால் சுனைனாவிடம்தான் எடுத்துக்கொண்டாள். சுனைனா ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பார்த்தாள். சஞ்சுவின் உதடு ஈரமாக இருந்தது. முகம் தெளிந்திருந்தது.

"ஏன் அக்கா கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருக்கீங்க? பாரணைக்கு என்ன என்ன சமைக்கணும்னு சொல்லாமலே வந்துட்டீங்களே."

"என்ன... எப்போ?"

"இப்போ வந்தீங்களே! நவமி வந்துருச்சு, குடிடின்னு. நல்லவேளை அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நான் மயங்கியே விழுந்திருப்பேன்." சஞ்சு சிரித்தாள். "லட்டுவை அப்படி மோந்தீங்க, அவன் சிணுங்கிட்டான். இந்தாங்க, உங்க செம்பை என் வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்க."

ஜன்னல் விளிம்பில் செம்பை வைத்தாள். வாயோரம் நசுங்கியிருந்தது. அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சமிருந்தது, அதில் சேறு படிந்திருந்தது.

லட்டு கையை நீட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுனைனாவைப் பார்த்துச் சிரித்தான்.

சுனைனாவின் கை கழுத்துக்குப் போனது. அங்கே ஒரே ஒரு கயிறு. முழுசாக முடியாத இந்த ஒரு நாள் நோன்புதான் அவளுடைய சொத்து. தெத்ரியிடம் பதினோரு வருஷம் இருந்தது, கொடுத்தாள். இது ஒன்று, குந்தனுக்கு வைத்திருந்தது. அதை யாரிடம் கொடுப்பாள்? அவள் கையால் அந்தக் கயிற்றைக் கழற்ற முடியவில்லை. முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

"என்னக்கா, பேச மாட்டேங்கறீங்க?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். காய்ந்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. சஞ்சு தோளைக் குலுக்கிக்கொண்டு, "கடலையை ஊறப் போடுறேன், மத்ததை அப்புறம் சொல்லுங்க," என்று குழந்தையோடு போய்விட்டாள்.

குந்தன் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, கேளு."

சந்தின் கோடியில் யாரோ ஒரு கதவைத் தட்டினார்கள்.

"எந்திரிடி. அஷ்டமி கழிஞ்சுருச்சு."

சுனைனா வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கே கூப்பிட்டது அவளுடைய குரல்தான்.